சிவப்பு மைச் சீட்டு

டாக்டர் இசக்கியம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கடைசி பிளாக் டிஸ்பென்சரியில் எல்லாருக்கும் தெரியும். வராமல் என்ன செய்யும்? உயிரைக் கொடுத்துப் படித்து, திருநெல்வேலிச் சீமையிலிருந்து நெய்வேலிச் சுரங்க நகரியத்துக்கு வந்து, காலை எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால், வருகிற ஜனம் நாக்கை நீட்டுவதில்லை, நெஞ்சைக் காட்டுவதில்லை. கையை மட்டும் நீட்டுகிறது.

"சீட்டு எழுதிக் குடுங்கம்மா."

சீட்டு என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற சீட்டு. முன்பெல்லாம் தலைவலி என்றாலும் ஜலதோஷம் என்றாலும் நகரியமே நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றது. நெரிசல் தாங்காமல் எழுபத்தெட்டாம் வருஷம் மேலிடத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதலில் பிளாக் டிஸ்பென்சரி. அங்கே ஆகாததற்குத்தான் பெரிய ஆஸ்பத்திரி. அங்கேயும் ஆகாததற்கு மெட்ராஸ். இசக்கியம்மாள் இதை நம்பித்தான் இந்த வேலைக்கே வந்தாள். சின்ன வியாதி சின்ன இடத்தில் தீர்ந்தால், பெரிய வியாதிக்குப் பெரிய இடத்தில் வழி கிடைக்கும். இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது?

ஜனங்களுக்குப் புரிந்தது வேறு. டிஸ்பென்சரி என்பது ஆஸ்பத்திரிக்கு டிக்கெட் கிழிக்கிற இடம்.

"இருமலுக்கு எதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி? இங்கயே மருந்து இருக்கு" என்பாள்.

"அந்த மருந்து வேறங்கம்மா. அங்க குடுத்தா கேக்குது."

"ரெண்டும் ஒரே டப்பாவில இருந்துதான் வருது!"

கம்பவுண்டர் ஜாபர் அலி உள்ளேயிருந்து சிரிப்பார். "நம்ம மிக்சரையே அங்க கொண்டுபோய் வச்சுக் குடுத்தா ரெண்டே வேளையில கேட்டுடும், டாக்டரம்மா."

முதல் சில மாதங்கள் அவள் யாருக்கும் சும்மா சீட்டு எழுதவில்லை. தொழிற்சங்கத்து நல்லசாமி ஆட்களோடு வந்து நின்றார். "பர்மனென்ட் தொழிலாளி குடும்பம்ங்க. பெரிய ஆஸ்பத்திரி எங்க உரிமை. மறிக்கறதுக்கு நீங்க யாரு?" மறுவாரமே மேலிடத்திலிருந்து போன் வந்தது. கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள் டாக்டர், வீண் தகராறு வேண்டாம். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து எழுதினாள்.

சீட்டு கிடைத்ததும் ஜனம் அடங்கிற்றா? அதுதான் இல்லை. "அர்ஜெண்ட்னு ஒரு வார்த்தை சேத்துப் போடுங்கம்மா, இல்லாட்டி பொழுதன்னிக்கும் உக்கார வச்சுடறாங்க" என்று ஆரம்பித்தார்கள். மற்ற டிஸ்பென்சரிகளில் தொல்லை விட்டால் போதும் என்று எல்லாச் சீட்டிலும் அதைப் போட்டுத் தள்ளினார்கள். இசக்கியம்மாள் மட்டும் பிடிவாதமாகப் போடவில்லை. நிஜமான அவசரத்துக்கென்று அந்த ஒரு வார்த்தையையாவது மிச்சம் வைக்கவேண்டாமா?

அந்த ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை மருதமுத்து தன் பெண்சாதி கனகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். சுரங்கத்தில் நிலக்கரி போகிற பெல்ட்டில் வேலை செய்கிறவன், குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். கண்ணில் தூக்கம் சொக்கியது.

"நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வரேங்கம்மா. இவளுக்கு ரெண்டு நாளா தல வலிச்சிகினே இருக்குது. சீட்டு குடுத்தீங்கன்னா போயிடுவோம்."

இசக்கியம்மாள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கனகத்தின் முகத்தைப் பார்த்தாள். முகம் உப்பியிருந்தது. எட்டு மாத வயிறு. வளையல்கள் மணிக்கட்டில் இறுகி, நகரமாட்டாமல் கிடந்தன.

"உக்காரு. கையைக் குடு."

பிரஷர் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தாள். "கண்ணு எப்படித் தெரியுது?"

"மின்னி மின்னி மறையுதும்மா."

இசக்கியம்மாள் எழுந்து போனிடம் ஓடினாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. எல்லா டிஸ்பென்சரிக்குமாக இருந்த ஒரே வேன் சுரங்கத்தில் அடிபட்டவனை எடுக்கப் போயிருந்தது. ஓர் ஊசியைப் போட்டு, சீட்டை எழுதினாள். அர்ஜெண்ட். அதன் கீழே இரண்டு கோடு. எப்போது வேண்டுமானாலும் வலிப்பு வரலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று முழுசாக எழுதினாள்.

"இங்க பாரு மருதமுத்து, இது எல்லாரும் வாங்கிட்டுப் போற சீட்டு இல்ல. போனதும் நேரா உள்ள போகணும். எங்கயும் நிக்கக்கூடாது. வெளங்குதா?"

"சரிங்கம்மா."

வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு அவளால் கிளம்ப முடியவில்லை. மதியம் கதவைச் சாத்தியதும் மனசு கேட்காமல் பஸ் ஏறினாள்.

பெரிய ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் கனகம் மருதமுத்துவின் தோளில் சரிந்து கிடந்தாள்.

"ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?" இசக்கியம்மாளின் குரல் கிறீச்சிட்டது.

"ஜன்னல்ல இருந்தவருகிட்ட சீட்ட குடுத்தேங்கம்மா. எல்லாமே அர்ஜெண்டுதான், வரிசையில வான்னுட்டாரு. ஆபத்துன்னு சொன்னேன். எல்லாரும் அதத்தான் சொல்றாங்கன்னாரு."

சீட்டு வாங்கும் ஜன்னலில் இருந்தவன் கெட்டவன் இல்லை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவன். சீட்டுக் கட்டை எடுத்து அவள் முன்னால் பரப்பினான். "நீங்களே பாருங்க டாக்டர். இதுல எது அர்ஜெண்ட் இல்லாதது, சொல்லுங்க." படர்தாமரை, அர்ஜெண்ட். காது அழுக்கு, அர்ஜெண்ட். பித்தவெடிப்பு, அர்ஜெண்ட்.

"ஏல, கீழ எழுதியிருக்கேனே, அத வாசிச்சியா நீ? ஒரு உசுருலே அது!" என்று ஊர்ப் பேச்சில் அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் மருதமுத்து அலறினான். கனகத்தின் உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது.

அப்புறம் எல்லாரும் ஓடினார்கள். எல்லாக் கதவும் திறந்தது. சாயங்காலம் கனகத்தைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். பிள்ளையைத்தான் முடியவில்லை. ஆண் பிள்ளை.

யாரைத் திட்டுவது? ஜன்னல்காரனையா, படர்தாமரைக்காரனையா, அர்ஜெண்ட் போட்டுத் தள்ளிய டாக்டர்களையா? வெறும் சீட்டுக்குக் கையெழுத்துப் போட்டதில் அவளுக்கும்தானே பங்கு? இசக்கியம்மாள் ஒருவரையும் விடாமல் மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். ஆத்திரம் மட்டும் தீரவில்லை.

மேலிடத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். இனி நிஜமான அவசரத்தைச் சிவப்பு மையில் எழுதவேண்டும், சிவப்புச் சீட்டு வந்தால் வரிசை கிடையாது என்று முடிவாயிற்று. டிஸ்பென்சரிக்கு ஒரு சிவப்புப் பேனா வந்தது. சனியன், இதுவாவது உருப்படட்டும் என்று அவள் அதைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டாள். உருப்படவும் செய்தது. மார்வலியோடு வந்த ஒரு டிரைவரும், பாம்பு கடித்த ஒரு பெண்ணும் சிவப்புச் சீட்டோடு நேரே உள்ளே போய்ப் பிழைத்து வந்தார்கள்.

பிழைத்தவர்கள் சும்மா இருப்பார்களா? பிளாக் முழுக்கச் சேதி பரவிற்று. செவப்புல எழுதினா க்யூவே இல்லையாமே! நல்லசாமி மறுபடியும் ஆட்களோடு வந்தார்.

"ஸ்டிரைக்கே பண்ணுங்க. போய் எழுதிப் போட்டு என்னை மாத்துங்க. இந்தப் பேனா மட்டும் வெளிய வராது" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினாள். ஜாபர் அலி அன்றைக்குச் சிரிக்கவில்லை. "நல்லாச் சொன்னீங்கம்மா" என்றார்.

தை பிறந்து ஒரு காலையில் மருதமுத்து தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மூன்று வயதுப் பெண். மூக்கு ஒழுகியது. இசக்கியம்மாள் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள், முதுகில் வைத்துப் பார்த்தாள், தொண்டையையும் காதையும் பார்த்தாள்.

"வெறும் சளிதான். மருந்து தரேன், ரெண்டு நாள்ல ஓடி விளையாடுவா."

"சீட்டு எழுதிக் குடுங்கம்மா."

"அங்க போனாலும் இதே மருந்துதான், மருதமுத்து."

"செவப்புல எழுதிக் குடுங்க."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இசக்கியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "சளிக்கெல்லாம் செவப்புல எழுதினா, அன்னிக்குக் கனகத்துக்கு ஆனதுதான் நாளைக்கு இன்னொருத்திக்கும் ஆகும். அது உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்கம்மா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "கருப்புல எழுதினா என்னா ஆவும்னும் தெரியும். எனக்கு இருக்கறது இது ஒண்ணுதாங்க."

அவன் சத்தம் போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள். குழந்தை அப்பனின் காதைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. இசக்கியம்மாள் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். எழுதிக் கொடுத்தாள்.

மருதமுத்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

அடுத்து நின்ற பெரியவருக்குக் காலில் சேற்றுப்புண். அவர் காலைக் காட்டவில்லை.

"எனக்கும் அந்தப் பேனாவுலயே எழுதிடுங்கம்மா" என்றார்.