மதில் பக்கம் திருப்பிய தொலைக்காட்சி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வருஷங்களுக்கு முன் நான் எழுதிய இன்னொரு கதையிலிருந்து வந்தது. அந்தக் கதைக்கு ஒரு பரிசு கிடைத்தது. அதே கதையால் என் வாப்பா ஒரு நண்பரை இழந்தார்.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

மழைக்காலத்தில் கட்டுகஸ்தோட்டையின் மலைகள்... (வேண்டாம். மலைகள் இதில் எதுவும் செய்யவில்லை.)

ஹுஸைன் மூச்சுவிட முடியாமல்... (வாப்பாவை வெறும் பெயரால் எழுதக் கை வரவில்லை.)

மூன்றாவது இது: போன வருஷம் ஜூன் மாதம், எங்கள் ஹோலில் இருந்த தொலைக்காட்சியைத் தம்பி அஸ்ஃபர் கழற்றிப் பின் விறாந்தைச் சுவரில் மாட்டினான். இது நடந்தது. இதிலிருந்தே போகிறேன்.

2

வாப்பாவின் நுரையீரல் சுருங்கிக்கொண்டு வந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அறைக்குள் படுத்தால் நான்கு சுவரும் நெஞ்சில் ஏறுகிறது என்றார். கட்டிலையும் ஒட்சிசன் இயந்திரத்தையும் பின் விறாந்தைக்குக் கொண்டுபோனோம். மேலே தகரக் கூரை, ஒரு பக்கம் குசினிச் சுவர், மற்ற மூன்று பக்கமும் வெளி. கிரிக்கெட் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. அதனால் தொலைக்காட்சியும் பின்னாலேயே போனது.

வீட்டுக்குள் வைக்கச் செய்த சாதாரணப் பெட்டி அது.

“வெளியில மாட்டினா கன நாளைக்கு இருக்காது வாப்பா,” என்றான் அஸ்ஃபர்.

“நானும் கன நாளைக்கு இருக்கப் போறதில்ல மகன்.”

(இந்த வரியில் நான் கை வைக்கவில்லை. அவர் அப்படித்தான் சொன்னார்.)

காலையில் அதில் படம் தெரியாது. திரை முழுக்க எங்கள் கொய்யா மரம்தான் தெரியும். பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு வெயில் வீட்டின் முன்பக்கம் போன பிறகுதான் ஆட்டக்காரர்கள் மெல்லத் தெரியத் தொடங்குவார்கள். விடியற்காலையில் திரையில் ஈரம் படிந்திருக்கும். உம்மா பழைய சாரன் துண்டால் துடைப்பார். தூறினால் மேசை விரிப்பைப் போட்டு மூடுவார். சுவர்கள் இல்லாததால் சத்தம் ஓரிடத்தில் நிற்காது, கூட்டி வைக்க வேண்டும். கூட்டினால் அது மதிலைத் தாண்டிப் போகும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பழனியாண்டி மாமாவின் வீடு.

3

புசல்லாவையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தபால் கந்தோரில் வேலை கிடைத்து எங்கள் ஒழுங்கைக்குக் குடிவந்தவர் அவர். இருபது வருஷம் எங்கள் ஹோலில், வாப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து கிரிக்கெட் பார்த்தவர்.

அவருடைய மகள் யசோதினி கலியாணம் முடித்து ஹுன்னஸ்கிரியவுக்குப் போய், பதினோராம் நாள் தனியாகத் திரும்பி வந்தாள். ஏனென்று யாருக்கும் சொல்லவில்லை. நான் அதைக் கதையாக்கினேன். பெயரை மாற்றினேன், பதினோராம் நாளை மாற்றவில்லை, அவள் கையிலிருந்த பச்சைப் பையை மாற்றவில்லை.* கடைசியில், தகப்பன் கேட்டைத் திறக்க மறுத்து மகளைத் திருப்பி அனுப்புவதாக முடித்தேன். அப்போதுதான் கதைக்குக் கனம் வரும் என்று நினைத்தேன்.

உண்மையில் அவர் திறந்தார். எங்கள் ஜன்னலிலிருந்து நானே பார்த்தேன்.

கதை வெளிவந்த வாரம் மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

“நானா, நான் கேட்டத் தொறந்தேன்தானே?” என்று வாப்பாவிடம் கேட்டார். அண்ணன் முறையில் வாப்பாவை அவர் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்.

“தொறந்தீங்க பழனி.”

“அப்ப ஏன் இப்புடி எழுதியிருக்கு? தோட்டத்துல எங்க அண்ணன் வீடு வரைக்கும் போயிருச்சு. பெத்த பிள்ளய வெரட்டினியான்னு கேக்குறாங்க.”

வாப்பா என் பக்கம் திரும்பினார். நான்தான் வாயைத் திறந்தேன்: “அது கற்பனை மாமா.”

அதைவிட மோசமான ஒரு வசனத்தை நான் எந்தக் கதையிலும் எழுதியதில்லை. அவர் திரும்பிப் போனார். ஒன்பது வருஷம் வரவில்லை. வாப்பா என்னை ஒருநாளும் ஏசவில்லை. ஆட்டம் நடக்கும் நாட்களில் பக்கத்துக் கதிரையில் யாரையும் இருக்கவிடவில்லை, அவ்வளவுதான்.

(* பெயரை மாற்றினால் போதும் என்று எங்களைப் போலக் கதை எழுதுகிறவர்கள் நம்புகிறோம். ஒழுங்கையில் இருப்பவர்கள் பெயரைப் பார்த்து வாசிப்பதில்லை.)

4

ஜூலையில் ஓர் ஆட்டம். எங்கள் அணியின் கடைசி நம்பிக்கை ஒரு சின்னப் பிடி கொடுத்து ஆட்டமிழந்தது. மதிலுக்கு அப்பால் “ச்சே” என்று ஒரு குரல் கேட்டது.

வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். (அழுதார் என்று எழுதி அடித்துவிட்டேன். அழவில்லை.)

மறுநாள் அஸ்ஃபரைக் கூப்பிட்டு, “டிவிய மதில் பக்கம் கொஞ்சம் திருப்பு,” என்றார்.

“திருப்பினா ஒங்களுக்குப் படம் விளங்காதே வாப்பா.”

“எனக்குச் சத்தம் கேட்டாக் காணும், படம் வேணாம்.”

அஸ்ஃபர் திருப்பினான். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் மதிலுக்கு மேல் ஒரு நரைத்த தலை தெரிந்தது. கல்லை அடுக்கி ஏறி நின்றிருப்பார் போல. அவர் திரையைப் பார்த்தார். வாப்பா கூரையைப் பார்த்தபடி கேட்டார். இப்படி நான்கு ஆட்டங்கள் போயின. நான் குசினிக்குள்ளேயே நின்றேன். நான் வெளியே வந்தால் அந்தத் தலை இறங்கிவிடும் என்று பயம்.

5

ஆகஸ்ட் தொடக்கத்தில் சாய்வாக ஒரு மழை அடித்தது. உம்மா விரிப்போடு ஓடிவருவதற்குள் பெட்டியின் பின்பக்கம் நனைந்து, திரை கறுத்துவிட்டது. கருகிய வாடை வந்தது. ஆட்டம் பாதியில் நின்றது. அஸ்ஃபர் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். வாப்பா வேண்டாமென்று தலையை அசைத்தார்.

மழை கொஞ்சம் ஓய்ந்தது. மதிலுக்கு அப்பால் ஒரு கதவு திறந்தது.

“நானா. நூத்திப் பன்னண்டுக்கு நாலு.”

வாப்பாவின் கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. மூச்சைச் சேர்த்துக்கொண்டு, “எத்தின ஓவர் பழனி?” என்றார்.

“இருவத்திமூணு.”

ஒன்பது வருஷங்களுக்குப் பிறகு அவர்கள் பேசியது இவ்வளவுதான். மாமா உள்ளே போய்த் தன் வீட்டுத் தொலைக்காட்சியைப் பார்ப்பதும், வெளியே வந்து சொல்வதுமாக இருந்தார். அடுத்த ஆட்டத்துக்கும் அப்படியே. புதிய பெட்டி வாங்குவோமா என்று அஸ்ஃபர் கேட்டபோது வாப்பா, “என்னத்துக்கு?” என்றார்.

6

இனி வாப்பாவின் கடைசி ஆட்டம். முதல் பிரதியில் இதற்கு ஒரு முடிவு எழுதியிருந்தேன்: எங்கள் அணி தோற்றுப்போகிறது, பழனியாண்டி மாமா மதிலருகே வந்து, மூச்சுக்குப் போராடும் நண்பரிடம், வென்றுவிட்டோம் என்று பொய் சொல்கிறார்.

நல்ல முடிவு. வாசிப்பவர்கள் கலங்குவார்கள். ஆனால் அந்த மனிதர் செய்யாததைச் செய்ததாக நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். இரண்டாவது தடவை, நல்லதாக இருந்தாலும், செய்ய மாட்டேன்.

நடந்தது இது:

“தோத்துட்டாங்க நானா.”

“நல்லா வெளயாடினாங்களா?”

“கடைசி பந்து வரைக்கும்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் வாப்பா.

நான்கு நாள் கழித்து பகல் ழுஹர் தொழுகை நேரத்தில் அவர் மௌத்தானார். ஜனாஸாவுக்குக் கதிரைகள் போடும்போது, முன் கேட் வழியாக உள்ளே வந்து முதல் கதிரையைத் தூக்கியவர் பழனியாண்டி மாமா. அன்றும் என்னோடு பேசவில்லை.

7

இந்தப் பிரதியை யசோதினியிடம் கொடுத்தேன். டவுனில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள்.

“அந்தக் கதைய அப்போ ஏன்க்கா எங்ககிட்ட காட்டல?”

“கேட்டா வேணாம்னு சொல்லுவீங்கன்னு பயம்.”

“சொல்லியிருப்பேன்,” என்றாள். தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பித் தந்தாள். “அப்பாவுக்கு நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. நான் இருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். மாமா விறாந்தையில் இருந்தார். நான் வாசித்தேன். மூன்றாம் பகுதிக்கு வந்ததும் நிறுத்தினேன். “வாசிங்க,” என்றார். ஆறாம் பகுதி முடிந்ததும் நிமிர்ந்தேன்.

“கடைசியில என்ன வருது?”

“இன்னும் எழுதல்ல மாமா.”

“அப்ப எழுத வேணாம். இருங்க.”

இருந்தேன். யசோதினி தேத்தண்ணி கொண்டுவந்தாள். பிறகு அவர் பேசத் தொடங்கினார். அந்தப் பதினோராம் நாளைப் பற்றி, என்னைப் பற்றி, என் வாப்பாவைப் பற்றி. கோபமாகவும் பேசினார். யசோதினி இடையில் எழுந்து போய், முகம் கழுவிவிட்டு வந்தாள். என் பையில் பேனையும் தாளும் இருந்தன. எடுக்கவில்லை. நீங்கள் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். எழுத வேணாம் என்று அவர் சொல்லிவிட்டார்.