இல்லாத இடத்திலிருந்து ஒரு பயணம்

விமானத் துறையின் புது இணையதளம் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, "இன்று எங்கே பறக்க ஆசை?" என்பது. எனக்கு ஆசையெல்லாம் இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று தெரிந்தால் போதும். அதைத் தேடிப் போனால் கடற்கரையில் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். அதற்குக் கீழே கண் சிமிட்டும் ஒரு மேகம். அதற்கும் கீழே "இதமான காற்று" என்று எழுதியிருந்தது. இதமாம். யாருக்கு இதம்? இரண்டே பேர் உட்காரும் என் விமானத்தில், பக்கவாட்டுக் காற்றில் இறங்கினால் உயிர் போய் உயிர் வரும்.

நான் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நிமிர்ந்து உட்காருவேன், அதுவும் வானத்தில். விமானம் எனக்கும் எங்கள் ஊர்ப் பேக்கரிக்காரருக்கும் பாதிப் பாதி. ஊருக்கு வெளியே ஒரு புல் மைதானத்தில், தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. அந்த மைதானத்தை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. பெரிய விமான நிலையத்தில் எங்களை மாதிரிக் கொசுக்களுக்கு இடம் தருவதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் என் தங்கை இருக்கிறாள். சாலையில் போனால் போவதற்கே ஒரு நாள் முழுசாகப் போய்விடும். பறந்தால் காலையில் கிளம்பி, மதியம் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

பழைய இணையதளம் அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சாம்பல் நிறம், பொடி எழுத்து. ஆனால் காற்று, மேகம், எந்த ஓடுபாதை மூடியிருக்கிறது என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. அடியிலேயே பயணத் திட்டத்தையும் பதிவு செய்துவிடலாம். எங்கிருந்து, எங்கே, எந்த வழி, எத்தனை பேர். நாம் போய்ச் சேரவில்லை என்றால் அதை வைத்துத்தான் தேட வருவார்கள். அதையெல்லாம் தூக்கிக் கடாசிவிட்டு, போனில் பதிவு செய்யும் வசதியையும் நிறுத்திவிட்டு, இந்த மேகத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

தொலையட்டும் என்று, புறப்படும் இடத்தில் எங்கள் மைதானத்தின் பெயரைத் தட்டினேன். "இப்படி ஓர் இடம் இல்லை" என்றது. "நீங்கள் சொல்ல வந்தது இதுவா?" என்று பெரிய விமான நிலையத்தைக் காட்டியது. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். 'இல்லை'யை அழுத்தினால் மறுபடியும் "இன்று எங்கே பறக்க ஆசை?"

பேக்கரிக்காரர் 'ஆம்' அழுத்திவிட்டுப் பறந்தார். அவர் மட்டுமா, அங்கே விமானம் வைத்திருக்கும் அத்தனை பேரும் அதையேதான் செய்தார்கள்.

"ஆம்னு ஒரு தட்டு தட்டிட்டுப் போக வேண்டியதுதானே டாக்டரம்மா," என்றார். "யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"நான் வழியில எங்கயாவது விழுந்தா தேடி வருவாங்கல்ல? எங்கருந்து தேட ஆரம்பிப்பாங்க? நான் கிளம்பாத இடத்துலருந்து."

"வாயைக் கழுவுங்க முதல்ல."

தங்கை புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். நான் இன்னும் அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. "உன் பிடிவாதத்துக்கு ஒரு அளவே இல்லையா அக்கா? எல்லாரும் பறக்கறாங்க, நீ மட்டும் என்ன அரிச்சந்திரனுக்குப் பேத்தியா?" என்று போனில் பொரிந்தாள். என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "மேகத்தோட சண்டை போட்டு ஜெயிச்சவங்க யாரும் கிடையாது," என்றார். இருக்கட்டும். பொய்யான இடத்திலிருந்து நான் புறப்பட மாட்டேன். வாராவாரம் புகார் எழுதினேன். "உங்கள் கருத்து எங்களுக்குப் பொன்னானது" என்று வாராவாரம் பதில் வந்தது.

இன்னொன்றும் செய்தேன். ஞாயிறு தவறாமல் திட்டம் முழுவதையும் நிரப்புவேன். போகுமிடம் தங்கையின் ஊர், வழி, எரிபொருள், ஆள் ஒன்று. புறப்படும் இடத்தை மட்டும் காலியாக விட்டு, "பிறகு தொடர்க" என்பதை அழுத்துவேன். அந்தப் பாழாய்ப்போன இணையதளத்தில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பொத்தான் அதுதான்.

அப்புறம் துறையிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் மைதானத்திலிருந்து ஆறு மாதமாக ஒரு பயணத் திட்டம்கூடப் பதிவாகவில்லையாம். ஆகவே பயன்பாட்டில் இல்லாத இடமாகக் கருதி மூடப் போகிறார்களாம். பேக்கரிக்காரர் கிளினிக்குக்கே ஓடி வந்தார். ஒருவர் கடைவாய்ப் பல்லை நான் அப்போதுதான் பிடித்திருந்தேன்.

"நாங்க பறந்ததெல்லாம் பெரிய ஏர்போர்ட் கணக்குல ஏறிடுச்சு டாக்டரம்மா. நம்ம மைதானத்துக்கு முட்டை."

எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. பட்டியலிலிருந்து இவர்களே தூக்குவார்களாம், அப்புறம் அங்கிருந்து யாரும் பறக்கவில்லை என்று இவர்களே மூடுவார்களாம். நாற்காலியில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்து, பல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சைகை காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வந்தார். காரை நடுப்புல்லில் நிறுத்திவிட்டு, கையில் டேப்லெட்டோடு இறங்கி, பளபளக்கும் ஷூவை ஈரத்துக்குப் பயந்து பயந்து தூக்கி வைத்து வந்தார். நாங்கள் எல்லோரும் கொட்டகை வாசலில் நின்றோம்.

"இங்க யாரும் பறக்கறதே இல்லன்னு ரெக்கார்டு சொல்லுது மேடம்."

"பின்னாடி நாலு விமானம் நிக்குது சார். ரெக்கார்டுக்குக் கண்ணு தெரியாது, உங்களுக்குமா?"

"எனக்குத் தெரியுது. சிஸ்டத்துல இல்ல. நான் சொன்ன வேலையைச் செய்யறவன், என்னைக் கோவிச்சு என்ன பிரயோஜனம்?"

பாவம், அதுவும் உண்மைதான். அவர் இணையதளத்தில் இடங்களை மூடும் பக்கத்தைத் திறந்து மைதானத்தின் பெயரைத் தட்டினார். நின்றார். மறுபடி தட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். "இப்படி ஓர் இடம் இல்லை. நீங்கள் சொல்ல வந்தது இதுவா?" என்று பெரிய விமான நிலையத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஆம்னு ஒரு தட்டு தட்டிடுங்க சார்," என்றார் பேக்கரிக்காரர். "யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

அதிகாரி அவரை ஒரு முறை முறைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டார். "அந்த இடத்தைக் கொஞ்சம் லிஸ்ட்ல சேருங்க. இல்லாததை நான் எப்படி மூடறது? அஞ்சு நிமிஷம் போதும், மூடிட்டுச் சொல்றேன். ஆங், எல்லாப் பக்கத்துலயும் காட்டட்டும், பரவாயில்ல."

எனக்குக் காது கூர்மையாகிவிட்டது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். "பிறகு தொடர்க" என்று அன்று காலையும் நிரப்பி வைத்திருந்த திட்டத்தைத் திறந்தேன். காலியாக இருந்த கட்டத்தில் எங்கள் மைதானத்தின் பெயரைத் தட்டினேன். வந்தது. முழுப் பெயரோடு, பச்சைப் புள்ளியோடு வந்தது. பல் பிடுங்கிப் பழகிய கை, தவறாது. அழுத்தினேன். மேகம் கண் சிமிட்டி "இனிய பயணம்" என்றது. அந்த மேகத்தை எனக்குப் பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

அதிகாரியிடம் இணையதளம், "இந்த இடத்தின் அழகிய படம் ஒன்றைச் சேர்க்கவும்" என்று கேட்டுக்கொண்டிருந்தது. எடுத்துச் சேர்த்தார். "உங்கள் அனுபவம் எப்படி?" என்றது. நட்சத்திரம் போட்டார். கடைசியில் மூடும் பொத்தானை அழுத்தினார். திரை சிவந்தது.

"பயணத் திட்டம் பதிவான இடத்தை மூட முடியாதாம்," என்றார், நம்ப முடியாமல். "யாரோ இப்பத்தான் பதிவு பண்ணியிருக்காங்க."

"யாரோ இல்ல சார். நான்தான்."

"இது நியாயமில்ல மேடம்."

"எது நியாயமில்ல? கிளம்பற இடம் நிஜம், போற இடம் நிஜம், ஆள் ஒண்ணு, அதுவும் உங்க முன்னாடி நிக்குது. இதுல எது பொய்னு சொல்லுங்க, நானே அழிச்சுடறேன்."

அவர் மூடும் பொத்தானை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். பேக்கரிக்காரரும் மற்றவர்களும் ஆளுக்கொரு போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய விமான நிலையத்தின் பெயரை அன்று யாரும் தொடவில்லை.

நான் தங்கையைக் கூப்பிட்டேன். "மத்தியானம் இன்னொரு தட்டு எடுத்து வை."

"நிஜமாவா? எங்கருந்து வரே?"

"எங்க மைதானத்துலருந்துதான். வேற எங்கருந்து?"

அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. நான் கம்பத்தில் ஆடும் துணிப்பையைப் பார்த்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டேன். கொட்டகைக் கதவை முழுக்கத் தள்ளினேன். அதிகாரி இன்னும் சிவப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், உங்க காரைக் கொஞ்சம் ஓரமா எடுக்கறீங்களா? ஓடுபாதையில நிக்குது."