கடிக்காத ஒயர்

1
இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதல்ல சொல்லிடறேன். போடிக்கு மேலே மலையில் ஒரு ஏலக்காய் ஸ்டோர். பச்சைக் காயைச் சூடு ஏத்தி உலர்த்துற கட்டடம். உள்ளே சுவரில் ஒரு பொத்தான். அதுக்குப் போற ஒயர் சேமியா தடிமன். வெறும் கையால் தொடச் சொன்னாங்க. நான் யாரையும் நம்புறவன் இல்லை. சொன்னவரைத் தொடவச்சுப் பார்த்துட்டுத்தான் தொட்டேன். ஒண்ணும் பண்ணலை. பொத்தானை அமுக்கினேன். அந்தப் பக்கம் அனலை உள்ளே தள்ளுற ஆளுயரக் காத்தாடி அடங்கி நின்னுபோச்சு. எனக்கும் மூச்சு நின்னுபோச்சு.

சேமியாவில் ஓடுற இருபத்திநாலு வோல்ட் சொல்லுது, காத்தாடியை ஓட்டுற நானூறு வோல்ட் கேக்குது. ஊருக்குள்ள எங்கேயாவது இப்படி நடந்து பார்த்திருக்கீங்களா?

2
"பனி மூடிய மலைச்சரிவில் அழகி முனீஸ்வரி..."

(வேண்டாம். பனியும் அழகும் சுத்திப்பார்க்க வந்தவன் கண்ணுக்குத்தான்.)

"முனீஸ்வரி ஸ்டோருக்குள்ளே காயைக் கிண்டிவிடுகிறவள். அவள் புருசன் மொக்கையன் வெளியே அடுப்புக்கு விறகு போடுகிறவன்."

இது நிக்கும். அவள் உள்ளே போனதும் சூடு ஓடிராம இருக்க அவன் வெளித்தாழ் போடுவான். மூச்சு முட்டினா அவள் பொத்தானை அமுக்கணும். காத்தாடி நிக்கும், வெளியே மணி அடிக்கும், அவன் வந்து திறப்பான். அவள் உசுரு அந்தச் சேமியாவில்.

3
ஒயர் மாட்ட போடியிலிருந்து ஜீப்பில் வந்தவள் அனுசியா. காத்தாடிக்குப் போற பெரிய ஒயரை ஒரு சுவரில் கொண்டுபோனாள். பொத்தானுக்குப் போற சின்னதை எதிர்ச்சுவரில். மொக்கையன் பார்த்துக்கிட்டு நின்னான்.

"கடிக்காத நாய்க்கு எதுக்கு ஆத்தா தனி வீடு?"

"இது கடிக்காதுண்ணே. அது கடிக்கும். தள்ளி வைக்கணும்னு சட்டமே இருக்கு. ரெண்டையும் ஒட்டவிட்டா, சூட்டுல தோலு உருகி அதோட கடி இதுக்கு ஏறிரும். அப்புறம் பொத்தானைத் தொடுறவ கதி?"

"உங்க சட்டத்தை எல்லாம் போடியில வச்சுக்க. எழுதுனவன் மலையேறிப் பார்த்திருக்கானா?"

"அவன் ஏறலைண்ணே. கரண்டு ஏறியிருக்கு."

(மொக்கையனை முதலில் முட்டாளாக எழுதினேன். அடிச்சுட்டேன். முட்டாளா இருந்தா எனக்குச் சோலி லேசு.)

4
அனுசியா போன பிறகு அந்த வருசம் முதல்ல பறிச்ச காய், முதல் எடுப்பு, வந்தது. அன்னைக்கு அந்த எதிர்ச்சுவரில் மூணு சந்தனப் பட்டை போட்டு, அதையே சாமியா நினைச்சுச் சூடம் காட்டுறது அங்கே வழக்கம். நடுப்பட்டைக்குக் குறுக்கே சின்ன ஒயர் கிடந்தது. சாமி மூஞ்சிக்குக் குறுக்கே ஒயரா? மொக்கையன் பதறிப்போய்க் கழட்டினான். இந்தப் பக்கம் கொண்டுவந்து பெரிய ஒயரோடு சேர்த்துச் சாக்குச் சணலால் இறுக்கிக் கட்டினான்.* கும்பிட்டான்.

* முடிச்சு இறுகின சத்தம் எனக்குக் கேட்டது. எழுதுறவனுக்குக் கேக்கும். அவனுக்குக் கேக்கலை.

5
சேர்த்துக் கட்டின ரெண்டு ஒயரும் பல நாள் சூடு பட்டாச்சு. இப்ப முனீஸ்வரி உள்ளே. தாழ் போட்டாச்சு. புகை கசியுது. வேர்வைக் கையோட பொத்தானைத் தேடுறாள்.

ஒரு முடிவு: அனுசியா ஜீப்பில் திரும்பி வந்து... (ஏன் வருவா? அவளுக்கு வேற சோலி இல்லையா?)

இன்னொரு முடிவு: முனீஸ்வரி பொத்தானை

இந்த வரியை முடிக்க மாட்டேன். விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவில் ஒரு நெல்லு இடம் விட்டிருக்கேன். நான் எழுதினாத்தான் அது குறையும்.

சணல் நாலாம் பகுதியில் இருக்கு. சாமிக்குப் பயந்து போட்ட முடிச்சு, என் பேச்சுக்கு அவிழாது. நீங்க போங்க. முதல்ல தாழை எடுங்க. அப்புறம் மெயின் சுவிட்சை அணைங்க. அதுக்கு முன்னாடி அந்தச் சின்ன ஒயரைத் தொட்டுறாதீங்க. அது இப்ப கடிக்கிறதா கடிக்காததான்னு எனக்கே தெரியாது.