தாப்பே சொல்லட்டும்

ரொகாயாவின் வாய் நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். காலையில் பல் துலக்கத் திறந்த வாய் பூனையோடு பேசும், தண்ணீர்க் குழாயோடு பேசும், சைக்கிளில் போகிற ஐஸ்காரனை நிறுத்தி, ஐஸ் வாங்காமல் அவன் மாமியார் உடம்பை மட்டும் விசாரித்து அனுப்பும். அப்படிப்பட்ட வீட்டில் திடீரென்று சத்தமே இல்லையென்றால், பக்கத்து வீட்டுத் தித்தின் தன் பிள்ளைகளை அதட்டுவாள். "உஷ்! அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க. தெத்தே தாப்பே போடுறாங்க." தெத்தே என்றால் அக்கா. மலையடிவார ஊரான குனிங்கானில், அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவள் தெத்தேதான்.

தாப்பே போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒட்டரிசியை ஊறவைத்து ஆவியில் அவித்து, தவசிக்கீரைச் சாறு விட்டுப் பச்சையாக்கி, முறத்தில் கொட்டி விசிறி ஆறவைக்க வேண்டும். ஈஸ்ட் பொடியைத் தூவி, ஜம்பு இலையில் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து, வாளியில் அடுக்கி மூடினால் முடிந்தது. சர்க்கரை ஒரு சிட்டிகை வேண்டாம், எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம். இரண்டு ராத்திரி கழித்துத் திறந்தால் சோறு தானாகவே தித்தித்துக் கிடக்கும். கஷ்டம் வேறு இடத்தில். ஈஸ்டைக் கையில் எடுத்ததிலிருந்து வாளியை மூடும்வரை பேசக் கூடாது. மனசில் ஒரு சண்டை, ஒரு பொருமல் இருக்கக் கூடாது. மூடிய பிறகு நடுவில் எட்டிப் பார்க்கவும் கூடாது. மீறினால் புளித்துவிடும். சிரிக்காதீர்கள். மருமகளைத் திட்டிக்கொண்டே பொட்டலம் கட்டிய ஒருத்தியின் தாப்பேயை நானே தின்றிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்க முடிந்தது.

புருஷன் போய்ச் சேர்ந்தபின் ரொகாயா கறியை விட்டாள், வறுப்பதையும் விட்டாள். கிளினிக்கில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று ஒரு டாக்டர் பயமுறுத்திவிட்டான், அது ஒரு காரணம். தனி ஒருத்திக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க அலுப்பு, அது நிஜக் காரணம். ஆனால் நொறுக்குத் தீனி இல்லாமல் அவளால் இருக்க முடியாது. வாழைப்பழத்தை இலையில் சுற்றி அவிப்பாள், மரவள்ளியைத் துருவிப் புட்டு மாதிரி செய்வாள், அரிசிமாவு உருண்டைக்குள் பனைவெல்லம் வைத்துத் தேங்காய்ப்பூவில் புரட்டுவாள். ஞாயிறு காலையில் தெருப் பெண்கள் குர்ஆன் ஓதிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தால் பாய் முழுக்கத் தட்டுதான்.

இதற்கெல்லாம் இலை கொண்டுவந்து கொடுப்பவர் கோசிம். தெருக்கோடியில் சைக்கிள், தண்ணீர்ப் பம்பு எல்லாம் பழுது பார்க்கிறவர். மனைவியை இழந்தவர். வாசலில் ஒரு பெரிய ஜம்பு மரம். தாப்பே போடுகிற நாளில் இளசுமில்லாத முற்றலுமில்லாத இலையாகப் பார்த்துப் பறித்து, துடைத்து, கூடையில் வைத்துக் கொண்டுவருவார். "இந்தாங்க," என்பார். போய்விடுவார். அவர் ஒரு வார்த்தை சொல்வதற்குள் ரொகாயா ஒன்பது சொல்லிவிடுவாள். "என்ன காங், மரமே மொட்டையாயிடும் போலிருக்கே! உங்க தலைக்கும் அதுக்கும் போட்டியா?" காங் என்று அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு, வருஷக்கணக்காக.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, மலையிலிருந்து மேகம் இறங்கித் தெருவை நனைத்துக்கொண்டிருந்தது. ரொகாயா ஆறிய சோற்றின்முன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு கிண்ணம். ஒன்றில் இடித்த ஈஸ்ட், இன்னொன்றில் மறுநாள் உருண்டைக்கு வைத்த அரிசிமாவு. அவள் பிஸ்மி சொல்லி வாயை மூடிக்கொண்ட நேரம், கோசிம் கூடையோடு வந்தார். வழக்கமாக வாசலில் நிற்பவர் உள்ளே வந்து, ஈரச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, அடுப்படிப் படியில் உட்கார்ந்தார்.

"இலை நேத்தே பறிச்சுட்டேன்," என்றார். "இப்பத்தான் வரணும்னு காத்திருந்தேன். இப்பன்னாத்தான் நீங்க குறுக்க பேச மாட்டீங்க."

ரொகாயா நிமிர்ந்து பார்த்தாள். நாக்கு நுனிவரை வந்த பதிலை முழுங்கினாள்.

"லாம்புங்ல இருக்கிற மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அங்கயே வந்துடுப்பா, தனியா என்ன பண்றேன்னு. கடையக் கேட்டு ஆள் வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை காலைல பஸ்." கோசிம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு இருந்தது. "போக இஷ்டமில்ல. ஆனா இங்கயே இருன்னு யாராச்சும் சொல்லணும்ல. யாராச்சும்னா... நீங்கதான். என்னக் கட்டிக்கிறீங்களா? கட்டிக்கிறேன்னா நான் இங்கயே இருந்துடுவேன். வேணாம்னா போயிடுறேன், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன். தாப்பே முடிச்சுட்டு நிதானமா சொல்லுங்க."

எழுந்தார். கூடையை அவளருகே தள்ளி வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு மேகத்துக்குள் நடந்து போனார்.

ரொகாயாவின் கை கிண்ணத்தில் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று அவளுக்கே தெரியாது. கை தன்பாட்டுக்குத் தூவியது, புரட்டியது, இலையை மடித்தது, ஈர்க்குச்சியைச் சொருகியது. வெளியே மழைத்தண்ணீர் கூரையில் ஓடுகிற சத்தம் எங்கோ தூரத்து ஊரில் கேட்பது போல் இருந்தது. கறுப்பு வாளி நிறைந்தது. மூடினாள். பழைய பாத்திக் சேலையால் சுற்றிக் கட்டினாள். இப்போது பேசலாம். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் அவர் கடை. அவளுக்கு வாய் வரவில்லை.

"வாய் வலிக்குதா தெத்தே?" சாயங்காலம் தித்தின் வேலியில் தொங்கிக்கொண்டு கேட்டாள். "ஐஸ்காரன் வந்துட்டுப் போறான், நீங்க அவன் மாமியாரக்கூடக் கேக்கலையே!"

ரொகாயா அவளை உள்ளே இழுத்து எல்லாவற்றையும் சொன்னாள். தித்தினுக்கு ஒரே குதூகலம். "அலா! காங் கோசிமா? அந்த மனுஷனுக்கு இத்தனை வார்த்தை தெரியுமா? நீங்க பேசாமத்தானே இருந்தீங்க? மௌனம்னா சம்மதம்தானே!"

"அது கன்னிப் பொண்ணுக்குடி. விதவை வாயத் தொறந்து சொல்லணும். அதுதான் மார்க்கச் சட்டம்."

"அப்பச் சொல்லுங்களேன். உங்களுக்கா வாயில்ல?"

அங்கேதான் ரொகாயாவுக்கு இடித்தது. அவளைப் பெண் கேட்டு வந்த அன்று அப்பா கதவருகே நின்று, "என்னம்மா, சம்மதமா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்தபடி இருந்தாள். சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். புருஷன் கெட்டவன் இல்லை. நன்றாகத்தான் வைத்துக்கொண்டான். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஊர்ப்பட்ட பேச்சுப் பேசிய இந்த வாய், தனக்கு இது வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பூனைக்கு மீன் வேண்டும் என்று சொல்லும், ஐஸ்காரனுக்குக் குடை வேண்டும் என்று சொல்லும். தனக்கு என்று வந்தால் ஊமைதான். அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது, பயமும் வந்தது. சொல்லிவிட்டு அப்புறம் ஊர் சிரித்தால்? இந்த வயசில் என்ன ஆசை என்று கேட்டால்?

"தாப்பே சொல்லட்டும்," என்றாள்.

"என்னது?"

"தித்திச்சா சரி. புளிச்சா வேணாம். என் மனசுல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியும்ல."

"நல்லாருக்கு போங்க! ஆளக் கட்டிக்கப்போறது நீங்களா, அந்த வாளியா?" தித்தின் தலையிலடித்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை முழுக்க மேகம் விலகவே இல்லை. தெரு, வேலி, கோசிமின் ஜம்பு மரம் எல்லாம் கரைந்துபோய் ரொகாயாவின் வீடு மட்டும் வெள்ளைக்குள் மிதந்தது. அவள் வேலை ஒன்றும் ஓடாமல், உருண்டை பிடிக்கவும் மறந்து, வாளிக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள். சேலை சுற்றிய வாளி தூங்குகிற குழந்தை மாதிரி இருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது போலத் தோன்றியது. உள்ளே சோற்றுப் பருக்கைகள் ஒன்றையொன்று தொட்டு ரகசியம் பேசுகின்றன என்று நினைத்தாள். காதை வைத்தாள். மழையா, அதுவா, தெரியவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தேனும் பூவும் கொஞ்சம் மழைமண்ணும் கலந்த தாப்பே வாசனை. முதலில் லேசாக, அப்புறம் அறை நிறைய. ரொகாயா கண்ணை மூடினாள். கண்ணுக்குள் ஜம்பு மரம் வேரோடு நடந்து வந்து அவள் அடுப்படியில் நின்றது. கிளையில் சைக்கிள் சக்கரங்கள் காய்த்துத் தொங்கின. கோசிம் ஒரு சக்கரத்தைப் பறித்துத் துடைத்து, "இந்தாங்க," என்றார். இந்தத் தடவை அவர் போகவில்லை. பாயில் உட்கார்ந்து அவித்த வாழைப்பழத்தை மெல்ல உரித்துத் தின்றார். அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அந்த மௌனம் எவ்வளவு சுகமாக இருந்தது! விழித்தபோது சாயங்காலமாகியிருந்தது, கன்னம் நனைந்திருந்தது. வாசனை அப்படியே இருந்தது. தித்திக்கும், தித்திக்காமல் எங்கே போகும் என்று அவள் வாளியைத் தட்டிக்கொடுத்தாள்.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் தித்தின் வந்து நின்றாள். "காங் பெட்டியத் தூக்கிட்டு முக்குக்குப் போயாச்சு. சீக்கிரம் தொறங்க!"

சேலையை அவிழ்த்தாள். மூடியைத் தூக்கினாள். முதல் பொட்டலத்தைப் பிரித்தாள்.

சோறு. பச்சையாக, உலர்ந்து, வெறும் சோறு. சாறு இல்லை. தித்திப்பு இல்லை. புளிப்புமில்லை. ஒன்றை வாயில் போட்டாள், இன்னொன்றைப் பிரித்தாள், அதிலும் சோறுதான். மூக்கருகே கொண்டுபோனாள். இலை வாசனை மட்டும்தான் வந்தது.

அலமாரியில் இருந்த இரண்டு கிண்ணங்களையும் தித்தின் எடுத்து ஒவ்வொன்றாக முகர்ந்தாள். "யா அல்லா! தெத்தே, ஈஸ்ட் அப்படியே இருக்கு. நீங்க அரிசிமாவத் தூவி வச்சிருக்கீங்க!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தித்தினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரொகாயா சிரிக்கவில்லை.

"அப்ப நேத்து வந்த வாசனை?" என்றாள்.

"என்ன வாசனை?"

"வீடு பூரா தித்திப்பு வாசனை அடிச்சுதுடி. நாள் பூரா அடிச்சுது."

"ஈஸ்டே போடாம எங்கேருந்து அடிக்கும்? நீங்க..." தித்தின் பாதியில் நிறுத்திவிட்டாள். ரொகாயாவின் முகத்தைப் பார்த்தால் மேலே சொல்லத் தோன்றாது.

தெருமுக்கில் பஸ் ஹாரன் அடித்தது.

ரொகாயா ஓடினாள். தலைமுக்காட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையில் பிரிக்காத பொட்டலத்தோடு, மேகத்துக்குள் ஓடினாள். ஒரு காலில் அவள் செருப்பு, மறுகாலில் தித்தினுடையது. முக்கில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் பெட்டிகளைக் கூரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். கோசிம் படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

"ஏறுறீங்களாம்மா?" என்றான் கண்டக்டர்.

ரொகாயா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஜன்னலெல்லாம் தலை. பின்னால் தெருப் பெண்கள் சிலர் ஓடி வந்து சேர்ந்திருந்தார்கள். அவள் பொட்டலத்தை கோசிமிடம் நீட்டினாள். அவர் காலைக் கீழே வைத்து, வாங்கி, ஈர்க்குச்சியை உருவிப் பிரித்தார். ஒரு வாய் தின்றார். மெதுவாக மென்றார்.

"வெறும் சோறா இருக்கே," என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. "பரவால்ல. நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயமில்ல."

"அது ஒண்ணும் சொல்லல காங்," என்றாள் ரொகாயா. மூச்சு வாங்கியது. "அதக் கேட்டா எப்படிச் சொல்லும்? நாந்தான் சொல்லணும். போகாதீங்க. எனக்கு நீங்க வேணும். நான் உங்களக் கட்டிக்கிறேன்."

பெட்டி கட்டிக்கொண்டிருந்த கண்டக்டர் கயிற்றை விட்டுவிட்டான். தித்தின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கோசிம் இலையில் மீதி இருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றார். இலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் காதைக் கையால் குவித்துக்கொண்டு, "பஸ் சத்தத்துல கேக்கல," என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். கோசிமுக்கு முதல் தடவையே கேட்டிருந்தது என்று ரொகாயாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சொன்னாள், இந்தத் தடவை தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி.