ஹாஜியாரின் பாங்குப் பெட்டி

கிழக்குக் கடலுக்கு மேலே வெள்ளை கீறிவிட்டது. பள்ளிவாசல் படியில் நின்று அதைப் பார்த்தார், தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கும் மோதினார் அபூசாலி. விடியல் தொழுகையான சுபஹுக்கு நேரம் வந்துவிட்டது, இனி ஒரு பருக்கை உள்ளே போனாலும் நோன்பு கூடாது. ஆனால் தெருவில் வீட்டுக்கு வீடு பீங்கான் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ தயிருக்குச் சீனி கேட்டார்கள். பள்ளியில் புதிதாக வைத்த பாங்குப் பெட்டி வாய் திறக்கவில்லை.

இருபத்தாறு வருடம் பாங்கு சொன்ன வாய் அபூசாலியுடையது. "இனி நீங்க பாயை விரிச்சாப் போதும்" என்று நேற்றுத்தான் சாலிஹ் ஹாஜியார் உத்தரவு போட்டிருந்தார். உத்தரவை மதித்து வாயை மூடிக்கொண்டு நின்றார். எட்டு நிமிடம் கழித்துப் பெட்டி, பதிவுசெய்த மக்கத்துக் குரலில் முழங்கியபோது, ஊர் நிதானமாகக் கடைசிக் கவளத்தை விழுங்கிக் கை கழுவியது.

ஹாஜியார் பள்ளி நிர்வாகத்தின் தலைமை மரைக்கார். சாமான்களெல்லாம் தாராளமாக நாட்டுக்குள் வரத் தொடங்கிய காலத்தில், தன் தெருவுக்கு மின்சாரம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே ஃபிரிட்ஜ் வாங்கி, அதில் கோப்பைகளை அடுக்கிவைத்தவர். பாங்குப் பெட்டியும் அவர் சிங்கப்பூரிலிருந்து எடுப்பித்ததுதான். டை கட்டிய எஞ்சினியர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து, ஒரு வருடத்துக்கான ஐந்து வேளைத் தொழுகை நேரத்தையும் அதற்குள் ஏற்றி, மூடி, ஈய முத்திரை அடித்துவிட்டுப் போனார். சுவிட்ச் உள்ளே. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் உள்ளே. கரண்ட் போனாலும் நிற்காதிருக்க பேட்டரியும் உள்ளே. வெளியே தெரிந்தது ஒரு சிவப்பு விளக்கு மட்டும். அதையும் ஹாஜியார் கண்ணாடி அலுமாரி செய்து பூட்டி, சாவியைத் தன் அகலமான பச்சைப் பெல்ட்டில் தொங்கவிட்டிருந்தார். அலுமாரியைத் திறக்கலாம், தூசு தட்டலாம். அதற்குமேல் சாவிக்கும் வேலையில்லை, ஹாஜியாருக்கும் வேலையில்லை. "மனிசன்ட கை படாத சாமான்" என்று திறப்பு விழாவில் முழங்கியபோது, அதில் தன் கையும் அடக்கம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

விடிந்ததும் அபூசாலி அவர் வீட்டு வாசலில் நின்றார்.

"ஹாஜியார், பெட்டி எட்டு நிமிசம் பிந்திச் சொல்லுது. ஊர்ட முதல் நோன்பே போயிற்று."

"என்ன கதைக்கிறீங்க மோதினார்? அது கொழும்பு நேரத்துக்கு வச்சது."

"அதுதான் பிழை. சூரியன் நமக்கிட்ட முந்தி வருது, முந்திப் போகுது. கொழும்புக்குப் போய்ச் சேர எட்டு நிமிசம் செல்லும்."

ஹாஜியார் சிரித்தார். "நாட்டில எத்தின நேரம் இரிக்கி? ஒண்டுதானே? அங்க ஆறரை எண்டா இஞ்சயும் ஆறரைதான். சூரியன் என்ன, பஸ்ஸா, பிந்திப் போய்ச் சேர?"

"மோதினார்ட பாங்குக்குத்தான் நான் இத்தின வருசமும் நோன்பு துறந்த" என்றது உள்ளேயிருந்து அவர் மனைவி ஹாஜறாவின் குரல். "ஒரு நாளும் பிழச்சதில்ல."

"நீ சும்மா இரி புள்ள."

"அப்ப பெட்டியத் துறந்து திருத்துங்க" என்றார் அபூசாலி.

"துறந்தா கேரண்டி போயிரும். எஞ்சினியருக்குத் தந்தி அடிக்கிறன்."

"சூரியனுக்கும் ஒண்டு அடிங்க. எஞ்சினியர் வரும் மட்டும் நிக்கட்டும்."

ஹாஜியாரின் முகம் சிவந்தது. "மைக் கைய விட்டுப் போன பொறாமையில கதைக்காதீங்க."

அந்தச் சொல் பின்னேரத்து அஸர் தொழுகை வரைக்கும் அபூசாலியைக் குத்திக்கொண்டே இருந்தது. பொறாமை இல்லை என்று சொல்ல முடியாது, இருந்தது. ஆனால் பொறாமைக்காரன் பார்த்தாலும் வெள்ளை கீறியது கீறியதுதான். பெருநாளுக்குப் பிறகு ஊரே அந்த நோன்பைத் திரும்பப் பிடிக்க வேண்டும். அதில் பாதிப் பாவம் பெட்டிக்கு; மீதி, படியில் பேசாமல் நின்ற தனக்கு.

மாலையில் நாற்பது பேர் கஞ்சிக் கோப்பைகளுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேற்கே வயல்வெளிக்கு அப்பால் சூரியன் முழுதாக இறங்கிவிட்டது. சிவப்பு விளக்கு சும்மா எரிந்தது. அபூசாலி யாரிடமும் கேட்கவில்லை. மினாராப் படிகளில் ஏறினார், காதில் விரல் வைத்தார், மைக் இல்லாத வெறுந்தொண்டையால் அல்லாஹு அக்பர் என்றார். முதல் சொல் கொஞ்சம் கரகரத்தது. பிறகு குரல் கடற்கரைத் தோணிகள் வரைக்கும் போனது.

கீழே ஒருவரும் அசையவில்லை. கடைசியில் நெசவுகார ஜவுபர் கோப்பையைத் தூக்கினார். "பெட்டி சொல்லாட்டியும் சூரியன் போயிற்றுகா. குடிங்க." நாற்பது கோப்பைகளும் எழுந்தன. ஹாஜியார் மட்டும் பேரீத்தம்பழத்தை விரலிடுக்கில் வைத்துக்கொண்டிருந்தார். தின்றால் பெட்டி பொய். தின்னாவிட்டால் சூரியன் பொய். கோப்பை விளிம்புகளுக்கு மேலால் எல்லாக் கண்களும் அவரையே பார்த்தன. அவர் பழத்தைக் கீழே வைத்தார்.

அந்தி நேர மஃரிபுத் தொழுகைக்கு வரிசை நின்றது. ஹாஜியார் பின்னால் தனியே உட்கார்ந்திருந்தார். முன்னால் நின்ற இமாம் பாத்திஹா ஓதத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பெட்டிக்கு நேரம் வந்தது. மக்கத்துக் குரல் கூரையைத் தூக்கியது. இமாமின் ஓதல் அதற்குள் அமிழ்ந்துபோனது. ஹாஜியார் ஓடிப்போய் வலப்பக்கச் சுவரோரம் இருந்த அலுமாரியைத் திறந்தார். தட்டிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். குமிழ் இல்லை. சால்வையை உரித்துப் பெட்டியைச் சுற்றினார். அது நிற்கவில்லை. தொழுகையை முடித்து வலப்பக்கம் ஸலாம் சொல்லித் திரும்பிய நாற்பது முகங்களும் ஒரே நேரத்தில் கண்டது, வீறிட்டழும் பிள்ளையைப் போல அந்தப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற தலைமை மரைக்காரைத்தான்.

யாரும் சிரிக்கவில்லை. நோன்பு மாதமல்லவா, சிரிப்பை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

அபூசாலி கஞ்சியோடு வெளிப்படியில் வந்து குந்தினார். பின்னாலேயே ஹாஜியார் வந்து நின்றார். மெதுவாகக் கேட்டார்:

"நாளைக்கி சுபஹுக்கு எத்தின மணிக்கி பாங்கு?"

"வானத்தப் பாத்துத்தான் சொல்லணும்" என்றார் அபூசாலி.

பிறகு தலையை அண்ணாந்து கோப்பையைச் சரித்தார். கஞ்சி போகப்போக அவர் குரல்வளை மேலும் கீழும் ஏறி இறங்குவதை, செருப்பைக் காலில் மாட்டவும் மறந்து, படியில் நின்ற ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.