போணி பில்

“தப்பு நம்மளதுன்னு மஸ்கட் கடைக்கு ஒரு லெட்டர் எழுதுங்க சார்” என்றேன்.

அண்டி ஆபீஸில் முந்திரித் தோடு உடைக்கும் என் அம்மா, நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். “சம்பளம் கூட்டிக் கேளு, லீவு கேளு. மொதலாளிகிட்ட தப்ப ஒத்துக்கோங்கன்னு மட்டும் கேட்டுராத மக்கா. பொறவு அங்க நிக்க முடியாது.” எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நான் எங்காவது நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

முதலாளி பொன்னுலிங்கம் சார் கதவைச் சாத்தச் சொன்னார்.

அவர் இளவயதில் எழுதிய பில்லிங் சாஃப்ட்வேர்தான் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பல கடைகளில் இன்னும் ஓடுகிறது. அதைத்தான் வளைகுடாக் கடைகளுக்காக மாற்றினோம். ரூபாய் ரியாலானது, ரசீது அரபியில் வந்தது. பழைய கணக்குமுறையில் மட்டும் கைவைக்கக் கூடாது என்றார் சார்.

அதில் ஒரு பூட்டு இருந்தது. அன்றைய முதல் பில்லை ரத்து செய்ய முடியாது. போணியைத் திருப்பி எடுத்தால் யாவாரம் விளங்காது என்று கடைக்காரர்கள் கேட்க, இவர் வைத்துக்கொடுத்தது. ரத்து அமுக்கினால் ‘போணி பில், ரத்து கிடையாது’ என்று தமிழில் வரும். இங்குள்ள கேஷியர்கள் அதே விலைக்கு வேறு சாமான் எடுத்துக் கொடுத்துச் சமாளித்துவிடுவார்கள். மொழிபெயர்த்தவருக்கு அந்த வரி விளங்கவில்லை, காலியாக விட்டுவிட்டார். வரி போயிற்று, பூட்டு போகவில்லை.

மஸ்கட்டில் ரத்து அமுக்கினால் ஒரு வெற்றுக் கட்டம் வந்து மறைந்தது. ரத்தாகிவிட்டது என்று நம்பி, கேஷியர் ஷாஜன் சாமானை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். கணக்கில் பில் அப்படியே நின்றது. முதல் பில் திரும்பி வந்த நாளெல்லாம் கல்லாப்பெட்டியில் பணம் குறைந்தது. கள்ளன் என்று சொல்லி அவனை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள்.

இங்கே பக்கத்தில் இனயம் என்ற கடலோர ஊர்ப் பையன். போன வாரம் அவனுடைய அம்மா எங்கள் ஆபீசுக்கே வந்தார்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா மக்களே? இவன் எடுக்கல்லன்னு சத்தியம் பண்ணுகான். அவன் அப்பா நம்பவே இல்ல. சாவக் கெடக்கும்போ வாயில தண்ணி விடப் போனான், மொகத்தத் திருப்பிட்டாரு.”

சார் டீ வரவழைத்துக் கொடுத்து, பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார். பார்த்தது நான், பூட்டுதான் காரணம் என்று கண்டுபிடித்ததும் நான்.

“எழுதினா என்ன ஆவும் தெரியுமா?” என்றார் இப்போது. “தோஹாக்காரன் அடுத்த வாரம் கையெழுத்து போடப் போறான். கேள்விப்பட்டா ஓடிருவான். இங்க உள்ளவங்க எல்லாம் எங்க போவாங்க?”

“ஷாஜன் எங்க போனான் சார்?”

“பூட்டத்தான் எடுத்தாச்சுல்லா. இனி யாருக்கும் வராது.”

“வந்தவனுக்கு?”

“இங்க ஒரு வேலை போட்டுக் குடுக்கேன். போருமா?”

“கள்ளனுக்கும் வேலை குடுத்த நல்ல மனுசன்னு ஊரு சொல்லும். அதுவும் உங்களுக்கு லாபந்தான்.”

“ஏட்டி, நாக்க அடக்கிப் பேசு. அண்டி ஆபீஸ்காரி மவளுக்கு ஏசி ரூம்ல சீட்டு போட்டுக் குடுத்தவன் நான்.”

“அண்டி ஆபீஸ்ல பருப்பு எடை கொறஞ்சா எங்கம்மைக்க மடிய அவுத்துப் பாத்துட்டுதான் வெளிய விடுவாங்க. தராசுதான் கோளாறுன்னு தெரிஞ்ச பொறவும் ஒருத்தனும் வந்து சொன்னதில்ல சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

“கடைக்காரன் கேட்டான், செஞ்சேன். ஒருத்தனக் கெடுக்கணும்னா செஞ்சேன் மக்கா?”

இல்லை. அது எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

“அப்போ எழுதமாட்டீங்க.”

“முடியாது.”

அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்தேதான் உள்ளே போயிருந்தேன். மஸ்கட் கடைக்கு நான் எழுதிய கடிதம் காலையிலேயே போய்விட்டது. அதை நம்புவார்களோ என்னவோ. ஆனால் ஷாஜனுக்கு நேரில்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் சந்தோஷப்படுவான் என்று நான் நினைக்கவில்லை. இது யார் காதில் விழ வேண்டுமோ, அவரைப் புதைத்தாயிற்று.

கதவைத் திறந்தேன்.

“நந்தனா, அம்மைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ.”

படியிறங்கி, இனயம் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தேன்.