ஐம்பத்தொன்றாம் நிமிடத்து இடி

கலைமதி கீரமங்கலத்துப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். பதினோரு வருடமாகக் கால்பந்து நடுவராகவும் இருந்தாள். ஆவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் மாதா திருவிழாவையொட்டி நடந்த போட்டியில், இறுதி ஆட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மே மாதக் கடைசி ஞாயிறு. மதியம் மூன்றரைக்கு ஆட்டம்.

மூன்று மணிக்கு மைதானத்தோரம் ஸ்கூட்டியை நிறுத்தியபோது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். பெயர் அருண்குமார், புதுக்கோட்டையில் செல்போன் கடை என்றார். கேட்காமலே மேலும் சொன்னார்.

“இந்த மேட்ச் மேல ஊரே என்கிட்ட பந்தயம் கட்டிருக்கு டீச்சர். முக்காவாசிப் பேரு உள்ளூர் டீம் மேலதான். ரூல் ஒண்ணுதான். அறுபது நிமிஷம்னா அறுபது நிமிஷமும் ஓடணும். நடுவுல நின்னாலோ, நேரத்தைக் கொறைச்சாலோ பந்தயம் ரத்து. கட்டுனவுகளுக்கே காசு திரும்பிரும்.”

“இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?”

“சும்மாதாங்க.” அவர் மேற்கே வானத்தைப் பார்த்தார். “மழை வாரமாதிரி இருக்கு. பிள்ளைக ஆடுற எடம். நீங்க நிறுத்துனா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. ஒங்க மக காவ்யா எட்டாவது போகுதுல்ல?”

மகளைப் பற்றி அவள் இந்த ஊரில் யாரிடமும் பேசியதில்லை. 

“அங்கிட்டுப் போங்க” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

போட்டியை நடத்தும் சந்தனசாமியிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆட்டம் கலையும், திருவிழாவில் அடிதடி ஆகும் என்று பயந்தாள். ஒன்றை மட்டும் மனதில் முடித்துக்கொண்டாள். உள்ளூர் அணி ஜெயித்தால் தனக்கு நஷ்டம் என்று ஆட்டத்தை நிறுத்தப் பார்க்கும் அந்த ஆள் நினைத்தது நடக்கக் கூடாது, தான் விலைபோனதாகவும் யாரும் சொல்லக் கூடாது. இன்று அறுபது நிமிடமும் ஆடியே தீர வேண்டும்.

முதல் பாதியில் சார்லஸ் ஒரு கோல் போட்டான். உள்ளூர் அணியின் கேப்டன். இருபத்திரண்டு வயது, ஆட்டோ ஓட்டுகிறவன். கோல் கம்பத்துக்குப் பின்னால் அவன் அம்மா ஞானசெல்வி எழுந்து நின்று கைதட்டினாள்.

இடைவேளையில் வெளிச்சம் மங்கியது. காற்று நின்றுபோய், கூட்டத்தின் பேச்சு மட்டும் பக்கத்தில் கேட்பது போல் கேட்டது. சந்தனசாமி வந்தார்.

“டீச்சர், வானம் சரியில்ல. செகண்ட் ஆஃபை இருபது நிமிஷமாக் கொறைச்சுக்கலாமா? ரெண்டு டீமும் சரின்னுட்டாக.”

நியாயமான யோசனைதான். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவளே சொல்லியிருப்பாள். பந்தலுக்குக் கீழே அருண்குமார் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

“வேணாம். முப்பதும் ஆடலாம்” என்றாள்.

ஐம்பத்தொன்றாம் நிமிடத்தில் முதல் இடி கேட்டது. தூரத்தில்தான். இடி கேட்டால் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகளுக்கு அவளே வருடாவருடம் சொல்லிக்கொடுப்பாள். விசில் உதட்டில் இருந்தது. ஊதவில்லை. கோயில் வெடியாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஐம்பத்து நான்கில் இன்னொன்று. கோட்டருகே நின்ற துணை நடுவர் ராம் கொடியை உயர்த்தி வானத்தைக் காட்டினான். அவள் கையை வீசி, ஆட்டம் தொடரட்டும் என்றாள். ஆறே நிமிடம்தான். மறுபடி சார்லஸ் காலுக்குப் பந்து வந்தது. இரண்டாவது கோல். கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஐம்பத்தேழில் மைதானம் வெள்ளையாகிப் போனது. மூலையில் நின்ற பனையின் உச்சி பற்றி எரிந்தது. அதனருகே நின்ற மூன்று பேர் விழுந்தார்கள். இரண்டு பேர் எழுந்தார்கள். சார்லஸ் எழவில்லை.

அவள் ஓடிப்போய் மண்டியிட்டு அவன் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். மழை கொட்டியது. எண்ணிக்கொண்டே அழுத்தும்போது பின்னால் பேச்சு கேட்டது.

“எத்தன நிமிஷம் ஆச்சு?”

“அம்பத்தேழு.”

“மூணு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா? போச்சு, பந்தயம் ரத்து.”

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சார்லஸுக்கு மூச்சு திரும்பியது. மறுநாள் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். வலது காது கேட்கவில்லை. வலது காலில் உணர்ச்சி இல்லை. பார்க்கலாம் என்றார்கள் டாக்டர்கள்.

கலைமதி போனபோது சந்தனசாமி வராந்தாவில் அவளைத் தனியே கூப்பிட்டார். “காசு வாங்கிட்டு நிறுத்துனீங்கன்னு ஊருல பேசுறாக. அதை விடுங்க. கால்பந்து சங்கத்துக்கு எழுதுற ரிப்போர்ட்ல, மொத இடியே அம்பத்தேழுலதான்னு போட்டுருங்க. ராம்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

அவள் நேரே வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஞானசெல்வியிடம் போனாள். நின்றபடியே சொன்னாள்.

“அம்பத்தொண்ணுலயே எனக்கு இடி கேட்டுச்சுங்க. நிறுத்தல. நிறுத்துனா வெலை போயிட்டேன்னு சொல்லுவாகன்னு பயந்தேன்.”

ஞானசெல்வி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று கலைமதி காத்திருந்தாள்.

“எனக்கும் கேட்டுச்சு டீச்சர்” என்றாள் ஞானசெல்வி. “வாடான்னு கத்த எந்திரிச்சேன். அப்பறம் உக்காந்துட்டேன். எம்புள்ள ஜெயிப்பான்னு ரெண்டாயிரம் கட்டியிருந்தேன்.” அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே கலைமதி ரிப்போர்ட்டை எழுதினாள். இடைவேளையில் நேரத்தைக் குறைக்க மறுத்தது, ஐம்பத்தொன்றில் இடி, ஐம்பத்து நான்கில் ராமின் கொடி, அருண்குமார் பேசியது எல்லாம். சங்கம் அவளை இரண்டு வருடம் விலக்கி வைத்தது. அருண்குமார் பேசியதற்குச் சாட்சி இல்லை என்று அந்தப் பத்தியை எடுத்துக்கொள்ளவில்லை. காவ்யாவைத் தினமும் அவளே பள்ளியில் விட்டு அழைத்து வந்தாள்.

அருண்குமார் ரூல்படி நடந்துகொண்டார். ஒரு ரூபாய் குறையாமல் அத்தனை பேருக்கும் திருப்பிக் கொடுத்தார். ஞானசெல்வியின் இரண்டாயிரத்தை ஆளனுப்பி ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார். நாணயமான மனுஷன் என்று ஊரில் அவருக்குப் பெயர். ஆகஸ்டில் பொன்னமராவதியில் நடந்த போட்டிக்கு அவரிடம் இரண்டு மடங்கு பந்தயம் சேர்ந்ததாம்.